பெரிய ஓட்டை போட்ட ஸ்கூப்

மனசே சரியில்ல.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவோட வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் முன்னாடி மீன்பிடிக்கப் போய்த் திரும்பல. உடம்பும் கிடைக்கல. அன்னைக்கு அவர் வீட்ல கழட்டி வச்சுட்டுப் போன கல்யாண மோதிரத்தைத்தான் அக்கா போட்டிருந்தாங்க. நேத்து தேங்காய்ப்பட்டணம் கடல்ல கால் நனைக்கையில அது நழுவிடுச்சு.

இன்னைக்குக் காலையில மெட்டல் டிடெக்டரோட முட்டளவு தண்ணியில இறங்கினேன். ஒரு மணி நேரத்துல சத்தம் கேட்டுச்சு. ஸ்கூப்பால, அதான் தண்ணி வடிய ஓட்டை போட்ட இரும்பு அள்ளியால, மணலை அள்ளித் தூக்கினேன். மோதிரம் மின்னுச்சு. "மாதாவே"ன்னு பக்கத்துல நின்ன அக்கா கத்திட்டாங்க.

நான் கை நீட்டுறதுக்குள்ள, மணலோட சேர்ந்து அதுவும் ஸ்கூப்போட ஓட்டை வழியா விழுந்துடுச்சு. அடுத்த அலை வந்துச்சு. மதியம் வரை தேடினேன். சத்தமே இல்ல.

"விடு மக்கா, கண்ணால பாத்துட்டேன்லா"ன்னாங்க அக்கா.

நேரா வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ஸ்கூப்புக்கு உள்பக்கம் சின்னக் கண்ணு கம்பிவலை வச்சுப் பத்தவைக்கச் சொன்னேன்.

"மணல் சீக்கிரம் வடியணும், ஓட்டையைப் பெருசாப் போடுன்னு நீதானே சொன்ன?"ன்னார் பட்டறை அண்ணன்.

ஆமா, நான்தான் சொன்னேன்.

நாளைக்கு மறுபடி இறங்குறேன். அக்காகிட்ட சொல்லல. அலை அதை எந்தப் பக்கம் இழுத்திருக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஓட்டையோட அளவைப் பத்தி மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், அது இப்ப எனக்கே தெரியும்.