ஜப்பான் கேமுக்கு ஆயுதம் சொல்லிக் குடுத்த சிவமணி

சிவமணி பன்வில பக்கம் ஒரு தோட்டத்து லய வீட்டுல பொறந்தவன். பதினெட்டு வயசுல கவ்வாத்துக்குப் போனான். ஒரு வருஷம் தேயிலைச் செடி வெட்டினான், மழையில நனைஞ்சான், கங்காணிகிட்ட ஏச்சு வாங்கினான். போதும்னு இறங்கி வந்துட்டான். கட்டுகஸ்தோட்டையில ரேடியோ ரிப்பேர் பழகினான், அப்பிடியே லாபிர்னு ஒரு முஸ்லிம் நானா கடையில ஒட்டிக்கிட்டான்.

லாபிர் கடை பாலத்துக்குக் கிட்ட, பஸ் நிக்கிற எடத்துக்கு எதிர்ல. முந்தி படக் கசெட் வாடகைக்குக் குடுத்த கடை. கசெட் காலம் முடிஞ்சதும் மூணு டீ.வி., மூணு கேம் பெட்டி வாங்கிப் போட்டு, மணிக்கணக்குல விளையாட விட்டாரு. கடையைப் பாத்துக்கிட்டது சிவமணி. படுக்கை மேல பலகை அறையில. பொலிஸ்ல பேர் பதிஞ்சு, அந்தத் துண்டை எந்நேரமும் சட்டைப் பையில வச்சிருப்பான். தமிழன் எங்க படுக்கிறான்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கணும், சட்டம் அப்பிடி. அது 2006. சமாதானம்னு சொன்னதெல்லாம் முடிஞ்சு, மறுபடி சண்டை தொடங்கின வருஷம்.

அந்த வருஷந்தான் அந்த ஜப்பான் கேமும் வந்துச்சு. கள்ளமா அடிச்ச டிஸ்க். சாமுராய்ன்னு சொல்ற பழைய காலத்து வாள்வீரன் ஒருத்தன், எசமான் செத்த பெறகு ஊர் ஊராப் போய்ச் சண்டை போடுறான். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் வெளங்காது. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால ஒரு பாயை விரிச்சு அஞ்சு ஆயுதம் வச்சிருக்கும். நீட்டு வாள், குட்டை வாள், வில், நுனியில கத்தி பூட்டின தடி, சங்கிலியில கட்டின அருவா. ஒண்ணுதான் எடுக்கலாம். எடுத்தா அந்தச் சண்டை முடியிற வரைக்கும் மாத்த ஏலாது. தப்பா எடுத்தா செத்தான்.

வர்றவன் எல்லாம் நீட்டு வாளைத்தான் எடுப்பான். தனபாலன்னு ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில ஒரு கந்தோர்ல கிளாக், வேலை விட்டதும் டையைக் கழட்டி பையில போட்டுக்கிட்டு நேரா கேம் கடைக்குத்தான் வருவாரு. நாலு நாளா ஒரே எடத்துல செத்துக்கிட்டு இருந்தாரு.

"தடியை எடுங்கையா," என்பான் சிவமணி.

"சாமுராய் எண்டா வாள்தானே தம்பி. தடியோட போனா மாடு சாய்க்கிறவன் மாதிரியெல்லோ கிடக்கும்."

"வாளோட போய் என்னத்தக் கண்டீங்க?"

"சாகிறதெண்டாலும் ஒரு மதிப்போட சாக வேணும்."

"அதுக்கு வேற வாடகை கட்டுறீங்க. எடத்தப் பாருங்க, மூங்கில் தோப்பு. நீட்டு வாளை வீசினா மூங்கில்ல மாட்டிக்கிது. குட்டை வாள் எட்டாது. தடின்னா குத்தலாம். கவ்வாத்துக்குப் போறவன் செடியப் பாத்துத்தான் கத்தி எடுப்பான்."

"நான் எப்ப ஐசே கவ்வாத்துக்குப் போனனான்?"

"அதான் சாவுறீங்க."

தனபாலன் முணுமுணுத்துக்கிட்டே தடியை எடுத்தாரு. மூங்கில் தோப்பைத் தாண்டினாரு. அடுத்த நாள் ரெண்டு கூட்டாளிகளையும் கூட்டிக்கிட்டு வந்தாரு.

சிவமணிக்கு அது ஒரு வெறி ஆயிருச்சு. கடை பூட்டின பெறகு ஒவ்வொரு எடத்தையும் அஞ்சு ஆயுதத்தோடயும் விளையாடிப் பாப்பான். சரியா வந்ததை ஒரு சீ.ஆர். கொப்பியில எழுதுவான். எழுதுறதுக்கு எடத்துக்கெல்லாம் பேர் வேணுமே, ஜப்பான் பேர் யாருக்குத் தெரியும்? அந்த கேம்ல வர்ற ஊரும் மலை, மழை, ஒரு ஆறு, பாலம், குளம், குளத்தங்கரையில ஒரு மாளிகைன்னு கண்டி மாதிரியே இருந்துச்சு. அதனால விளையாட வர்றவங்களாப் பேர் வச்சாங்க. மூங்கில் தோப்பு கெலிஓயா. ஆத்துப் பாலம் கட்டுகஸ்தோட்டைப் பாலம். குளத்து மாளிகைக்கு, கண்டிக் குளத்தங்கரையில இருக்கிற தலதா மாளிகை மாதிரி, மாளிகைன்னே பேர். அந்தப் பேர்லயே சிவமணியும் எழுதினான். கொப்பிக்கு நூல் கட்டி மேசைக் கால்ல தொங்கப் போட்டான், ஒருத்தனும் எடுத்துக்கிட்டுப் போகாம.

லாபிர் நானா ஒருநாள் பெரட்டிப் பாத்தாரு. "என்னடா இது, பட்டாளத்துக்கா ஆள் சேக்கிறாய்?"

"ஆமா நானா. உங்களத்தான் முன்னால விடப் போறேன்."

"என்ட வயித்தோட நான் முன்னால நிண்டா, பின்னால உள்ளவனுக்கு ஒண்ணும் படாது."

சிரிச்சாங்க, அவ்வளவுதான். தொண்ணூத்தெட்டுல தலதா மாளிகை வாசல்ல குண்டு லொறி வெடிச்ச ஊர் அது. பாலத்துல மணல் மூட்டை அடுக்கி, துவக்கோட மூணு பேர் நிக்கிறதை அவங்களே தினம் பாத்துக்கிட்டுப் போனாங்க. அப்பிடியும் ஒருத்தர் மண்டையிலயும் உறைக்கல. தெனம் கூப்பிடுற பேரை எவன் யோசிச்சுப் பாக்கிறான்?

2007 ஜூன்ல ஒருநாள் காலம்பற ரோட்டை ரெண்டு பக்கமும் அடைச்சு சோதனை போட்டாங்க. சிவமணி துண்டைக் காட்டினான், ஐ.டி.யைக் காட்டினான். எல்லாம் சரி. வெளிய போற நேரம் ஒரு பொலிஸ்காரன் காலுல நூல் சிக்கிச்சு. கொப்பி கையில வந்துச்சு. அந்தக் கூட்டத்துல கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் இருந்தான். எழுத்துக் கூட்டி வாசிச்சான்.

"கட்டுகஸ்தோட்டைப் பாலம். காவல் மூணு பேர். தூரத்துல நின்னு ரெண்டு பேரை முடி. மாளிகை. முன் வாசல் வேணாம். பின் வாசல்ல ஒரே ஆள்."

அதுக்கு மேல வாசிக்கல.

சிவமணி சிங்களத்துல கத்தாம சொன்னான், "சேர், இது கேம். இந்தா, போட்டுக் காட்டுறேன்." ஒருத்தன் அவன் வாயிலயே அடிச்சான். மூணு டீ.வி.யும் கரண்ட் இல்லாம கறுப்பா நின்னுச்சு. சோதனைன்னா மொதல்ல மெயின் சுவிட்சை எறக்கிருவாங்க.

ஸ்டேஷன்ல பதினோரு நாள். யாரு அனுப்பினது, யாருக்கு எழுதினது, தடின்னா என்ன, அருவான்னா என்ன. அவன் ஒரே பதிலைச் சொன்னான், கேமு சேர். பொய் சொல்லியிருந்தா அடி கொறைஞ்சிருக்கும், ஆனா என்ன பொய் சொல்றதுன்னு அவனுக்குத் தெரியல. எழுதின கைதானேன்னு வலது கையை மேசையில வச்சு பொல்லால அடிச்சாங்க. பெருவிரல் வீங்கி, மடக்க ஏலாமப் போச்சு.

லாபிர் நானா தெனம் ஸ்டேஷன் வாசல்ல நின்னாரு. உள்ள விடல. தனபாலனைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்னு அவரு அறைக்குப் போனாரு. அறை காலி. ஒரே பையோட போயிட்டாராம். அவரைக் குத்தம் சொல்ல ஏலாது. யாழ்ப்பாணத்து ஐ.டி.யோட சாட்சி சொல்ல உள்ள போறவனை வெளிய விடுவாங்கன்னு யாரு உறுதி குடுக்கிறது?

பன்னண்டாவது நாள் லீவுல போயிருந்த குலதுங்கன்னு ஒரு கான்ஸ்டபிள் வேலைக்குத் திரும்பினான். அவன் சிவில் உடுப்புல லாபிர் கடைக்கு விளையாட வர்றவன். கம்பிக் கூட்டுக்குள்ள சிவமணியைக் கண்டதும் நின்னுட்டான். "மல்லி, நீ எப்பிடி இங்க?" மல்லின்னா சிங்களத்துல தம்பி. கதையைக் கேட்டு நேரா ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.கிட்ட போனான். "சேர், அப்பிடி ஒரு கேம் இருக்கு. நானே விளையாடியிருக்கேன்."

ஓ.ஐ.சி. சொன்னாரு, "பெட்டியைக் கொண்டு வரச் சொல்லு. கொப்பியில இருக்கிற பாலத்தை அவன் எனக்குக் காட்டணும். மாளிகையையும் காட்டணும். காட்டினா நம்புறேன்."

லாபிர் நானா த்ரீவீலர்ல டீ.வி.யையும் பெட்டியையும் மடியில வச்சுக்கிட்டு வந்து எறங்கினாரு. ஓ.ஐ.சி. மேசையில மாட்டினாங்க. முன்னால விளையாடினதைச் சேமிச்சு வச்ச கார்டு சோதனையன்னைக்கே காணாமப் போயிருந்துச்சு. அதனால மொதல்ல இருந்து தொடங்கணும். பாலம் நாலாவது. மாளிகை அஞ்சாவது.

சிவமணி பொத்தான் வச்ச கைப்பெட்டியை வாங்கினான். இடது கை சரி. வலது பெருவிரல் கட்டை மாதிரி நின்னுச்சு. மொதல் சண்டை கோட்டை வாசல். கொப்பி சொல்றது நீட்டு வாள். வாள்னா பொத்தானை டக்கு டக்குன்னு தட்டணும். தட்டிப் பாத்தான். கண்ணுல தண்ணி வந்துச்சு, சாமுராய் செத்துட்டான்.

"இதுதானா உன்ட வித்தை?" ஓ.ஐ.சி. கேட்டாரு.

"இன்னொரு தரம் சேர்."

பாய் மறுபடி விரிஞ்சுச்சு. இத்தனை நாளும் எடத்தைப் பாத்து ஆயுதம் எடுத்தவன், அன்னைக்குத் தன் கையைப் பாத்து எடுக்க வேண்டியதாப் போச்சு. தடி மெதுவானது, வாசலுக்குத் தோது இல்ல, அங்க யாருக்கும் அதை எடுக்கச் சொன்னதில்ல. ஆனா ஒரு குத்துக்கு ஒரு அமுக்குதான். தடியை எடுத்தான். விரலை மடக்காம உள்ளங்கை அடியால பொத்தானை அமுக்கினான். ஒரு அமுக்கு, ஒரு ஆள். ரெண்டு தரம் செத்து, மூணாந்தரம் வாசலைத் தாண்டினான். அறையில கதிரைகள் கிட்ட இழுபட்டுச்சு. வேலை இல்லாத பொலிஸ்காரங்க வந்து சுவரோட நின்னாங்க.

மூங்கில் தோப்பைத் தாண்டினான். மூணாவதா கோயில் படிக்கட்டையும் தாண்டினான். முக்கால் மணித்தியாலம். அப்புறம் பாலம்.

"வாசி," என்றாரு ஓ.ஐ.சி. லாபிர் நானா கொப்பியைக் கையில எடுத்தாரு. தமிழ் தெரிஞ்ச பொலிஸ்காரன் பக்கத்துல நின்னு சரி பாத்தான். காவல் மூணு பேர். டீ.வி.யில மூணு பேர் நின்னாங்க. வில் எடுன்னு இருந்துச்சு. சிவமணி வில்லை எடுத்தான். அமுக்கிப் பிடிச்சு விடணும், அது உள்ளங்கைக்குத் தோது. ஒருத்தன் விழுந்தான், ரெண்டாவது ஆளும் விழுந்தான். மூணாவது ஆள் கிட்ட வந்துட்டான். கிட்டத்துல வில் உதவாது. சிவமணி சாமுராயைப் பாலத்துத் தூணைச் சுத்திச் சுத்தி ஓட வச்சான்.

"மல்லி, எடது பக்கம்," குலதுங்க பின்னால இருந்து மெல்லச் சொன்னான்.

திரும்பி அம்பை விட்டான். மூணாவது ஆளும் விழுந்தான். யாரோ கை தட்டப் போய் ஓ.ஐ.சி.யைப் பாத்து நிறுத்திக்கிட்டான்.

பெறகு குளம், மாளிகை. முன் வாசல்ல பத்துப் பேர். பின் வாசல்ல ஒரே ஆள். கொப்பியில உள்ளபடிதான். ஓ.ஐ.சி. எழும்பி டீ.வி.க்குக் கிட்ட வந்து அந்த ஒரே ஆளைப் பாத்தாரு.

"சரி," என்றாரு. "நம்புறேன்."

லாபிர் நானா, "அல்ஹம்துலில்லாஹ். அப்ப கூட்டிட்டுப் போகலாமா சேர்?" என்றாரு.

ஓ.ஐ.சி. உக்காந்தாரு. "நான் ரிப்போட் அனுப்பி ஒம்பது நாள். தடுப்பு உத்தரவு கொழும்புல கையெழுத்தாகி இன்னைக்குக் காலம்பற வந்திருக்கு. இனி அவன் என்ட கையில இல்ல."

"நீங்க ஒரு கடுதாசி எழுதினா, சேர்."

"எழுதினா மொத ரிப்போட்டை ஏன் எழுதினேன்னு கேப்பாங்க." கொப்பியை லாபிர் நானா கையில இருந்து வாங்கி மேசையில வச்சாரு. "பெட்டியை விட்டுட்டுப் போ. சாட்சிப் பொருள்."

வாகனம் வர மூணு நாளாச்சு. அந்த மூணு நாளும் சாட்சிப் பொருள் மேசையை விட்டு எறங்கல. பொலிஸ்காரங்க நீட்டு வாளை எடுத்து எடுத்து வாசல்லயே செத்தாங்க. கூட்டுல இருந்து சிவமணியைக் கொண்டு வந்து பக்கத்துல குந்த வச்சாங்க. டீ குடுத்தாங்க. முந்தின கிழமை அவன் கையை மேசையில பிடிச்சு வச்சவன் கேட்டான், "இந்த எடத்துக்கு என்ன எடுக்கணும்?" சிவமணி சொன்னான். சொல்லாம விட்டு என்ன ஆகப் போகுது?

தெற்குப் பக்கம் ஒரு தடுப்பு முகாம்ல போட்டாங்க. கேஸ் இல்ல, கோர்ட்டு இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தரம் உத்தரவைப் புதுப்பிச்சாங்க. அக்கா சுந்தரி தோட்டத்துல லீவு எடுத்து, பஸ் மாறி மாறி வருவா. வந்தா ஒரே கேள்வி, "எப்பத்தான்டா விடுவாங்க?" அவன் கையைக் காட்டமாட்டான். கடையை லாபிர் நானா ஃபோன் ரீலோட் கடையா மாத்திட்டதாவும் அவதான் சொன்னா. டீ.வி.யைப் பாத்தாலே நானாவுக்கு நெஞ்சு அடைக்குதாம். ரெண்டு வருஷம் அஞ்சு மாசம் போச்சு. அதுக்குள்ள யுத்தமும் முடிஞ்சுச்சு.

விடுற அன்னைக்கு ஒரு கிளாக் ஃபைலைத் தொறந்தாரு. சிவமணிக்கு சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கிளாக்கு நல்ல மனுசன், வாசிச்சுச் சொன்னாரு. உள்ள ஒரு கடுதாசி. கட்டுகஸ்தோட்டை ஓ.ஐ.சி. எழுதினது. மேற்படி கொப்பி ஒரு விளையாட்டு சம்பந்தப்பட்டது, நானே நேரில் பார்த்தேன், இவர் மீது சந்தேகம் இல்லை, விடுதலை செய்யலாம். தேதி 2007 ஜூலை. அவனை ஏத்தி அனுப்பின மூணாம் நாள்.

"அப்ப இது எப்ப வந்துச்சு சேர்?"

"அப்பவே வந்திருக்கு. முத்திரை இருக்கு." கிளாக்கு தாளைப் பெரட்டிப் பாத்தாரு. "யாரும் தொறக்கல போல."

கிளாக்கு பாரத்தை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னாரு. வலது பெருவிரல் பேனாவைப் பிடிக்காது, எலும்பு கோணலாவே கூடிருச்சு. இடது கையால போட்டான். ஐ.டி.யில இருக்கிற கையெழுத்தோட பொருந்தல. மேலதிகாரி வந்து உறுதி பண்ணாம விட ஏலாது, அவரு கூட்டத்துக்குப் போயிட்டாருன்னு சொல்லி, இன்னொரு நாள் உள்ள வச்சாங்க.