மூலத்தில் வாசித்தவர்

பழங்கால இலங்கை வரலாறு பற்றிப் பத்திரிகையில் தொடர் எழுதியவன் நான். பாளியில் ஓரெழுத்தும் தெரியாது. எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பின் புண்ணியம். வெள்ளவத்தை லொட்ஜில் அடுத்த அறையில் இருந்த, தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர் இதை மன்னிக்கவேயில்லை. சிங்கள எழுத்தில் அச்சான பாளி நூல்களை வாசிப்பதற்காகவே அந்த எழுத்தைப் படித்தவர் அவர். நான் எதைச் சொன்னாலும், "மூலத்தில பாத்தனீரோ?" என்பார்.

யுத்த காலத்தில் ஒருநாள் பொலிஸ் எங்கள் இருவரையும் பிடித்துப்போய், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலங்களில் கையெழுத்துக் கேட்டது. நான் உடனே வைத்தேன். அவர் வரிவரியாக வாசித்தார்.

"ஐயா, வச்சிட்டு வாங்கோவன்," என்றேன்.

"யாழ்ப்பாணத்தால வந்தனான் எண்டு சொன்னன். இதில கிளிநொச்சி எண்டு கிடக்கு. திருத்தாமல் வைக்கமாட்டன்."

கிளிநொச்சி அப்போது போராளிகளின் கையில் இருந்த ஊர். அவரை உள்ளே கொண்டுபோனார்கள். என்னை விட்டுவிட்டார்கள். பிறகு அவரை நான் காணவில்லை.

லொட்ஜுக்கு வந்து அவருடைய பிடிவாதத்தைச் சொல்லி நொந்துகொண்டேன். முதலாளி கேட்டார்: "அது கிடக்கட்டும். நீங்கள் கையெழுத்து வச்ச பேப்பரில என்ன எழுதிக் கிடந்தது?"