அம்மா கையில் கருகமணி

அம்மாவின் பழைய கருகமணிச் சரத்தைப் பார்த்துத்தான் அந்தக் கருகமணிக் கைச்சரத்தைக் கோத்தேன். ஆன்லைன் விற்பனைக்குப் போட்டோ எடுத்துப் போட ஒரு கை வேண்டியிருந்தது. அம்மாவை நீட்டச் சொல்லி மாட்டிவிட்டேன்.

மாட்டிய பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் கருகமணி சுமங்கலிகளுக்கு மட்டுமே. அப்பா இறந்த அன்று அத்தைதான் அதை அம்மா கழுத்திலிருந்து கழற்றினாள்.

பதறிப்போய்க் கொக்கியை அவிழ்க்கப் போனேன். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டி. கழுத்துக்குத்தான ஆகாதுன்னாக."

அன்று பாளையம்பட்டியில் அத்தை வீட்டு விசேஷம். பஸ் ஏறும்போது அம்மா அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து இறங்கும்போது, அதே கையால் பஸ் கம்பியைப் பிடித்திருந்தாள்.

அங்கே என்ன நடந்ததென்று அவள் சொல்லவில்லை. போட்டோவை நான் இன்னும் போடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் கண் எங்கே போகிறது என்றே பார்க்கிறேன். அம்மா பார்ப்பதில்லை.