மேலே ஏறுவது எது

அவள் சேர்ந்த மூன்றாம் நாளே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. மலைக்கிராமமான கவுஞ்சியிலிருந்து வந்த பெண், திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படித்தவள். கொடைக்கானல் பஜாரில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் எங்கள் கடையில், நான் பன்னிரண்டு வருஷம் மரமேறி வயர் இழுத்துப் பிடித்த இடத்தில், ஒரு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். முதலாளி பாய் அவளுக்குப் புது நாற்காலி வாங்கிப் போட்டார். எனக்கு இன்னும் பிளாஸ்டிக் ஸ்டூல்தான்.

மே மாதம் லாட்ஜ்கள் நிரம்பியதும் நெட் திணறும். சமவெளியிலிருந்து எங்களுக்கு இணைப்பு வருவது டவர் விட்டு டவர், காற்றில். போவதற்கும் வருவதற்கும் ஒரே பாதை. அதற்கு நான் ஒரு விதி போட்டிருந்தேன். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்குகிறதல்லவா? ரூட்டரிலும் ஏறுவதற்கே முதலிடம். பாயிடம் இதைப் பெருமையாகச் சொல்லி டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

அந்த சீசனில் கடை போன் ஓயவில்லை. "வீடியோ சுத்திக்கிட்டே கெடக்கு" என்று பள்ளங்கி கிராமம் வரை திட்டினார்கள். பாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "வெரசா சரி பண்ணுங்க. யாரு பண்றீங்களோ, ரூட்டரோட மெயின் பாஸ்வேர்டு இனி அவங்க கையில." அதுவரை அது என் ஒருவனிடம் மட்டுமே இருந்தது. பெரிய இணைப்பு வாங்காமல் தீராது என்று அடித்துப் பேசினேன்.

மதியத்துக்கு முன் அவள் என்னை ரூட்டரைத் திறக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணே, அப்லோடுக்கு எதுக்கு முதலிடம் குடுத்திருக்கீங்க?"

"ஏறுறதுக்குத்தானே குடுக்கணும்?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அப்லோடுன்னா இங்கருந்து கீழ போறதுண்ணே. டூரிஸ்டு போட்டோ அனுப்புறது. மலையேறி நம்மகிட்ட வர்றதுதான் டவுன்லோடு."

'அப்' என்றால் மேலே; ஊர் உலகத்துக்கு எது மேலோ, எனக்கு மேலே என்றால் கொடைக்கானல்தான். மூன்று சீசனாக ஏறி வருவதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் போட்டோக்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் இரண்டையும் மாற்றிப் போட்டாள். ஒரே ஆள் பாதையை அடைத்துக்கொள்ளாதபடி எல்லோருக்கும் முறை வைத்தாள். சாயங்காலத்துக்குள் போன் அடங்கிவிட்டது.

பாய் வந்து கேட்டார். "யாரும்மா பண்ணுனது?"

"அண்ணன் போட்ட விதிதான் பாய். ஏறுறதுக்கு முதலிடம். ஒரு எடத்துல மாறிக் கெடந்துச்சு, அவ்வளவுதான்."

பாய் என் முதுகில் தட்டினார். தப்பு என்னுடையது, சரி செய்தது அவள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் தலையை மட்டும் ஆட்டினேன். தோற்றிருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவளுடைய நல்ல மனசைப் பார்த்தும் பொறாமைதான் வந்தது.

இன்றைக்கும் ரூட்டருக்குள் போக வேண்டுமென்றால் அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள். நானும் போய், அவள் பார்த்துவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்துக் கொடுக்கிறேன்.