டானா வரை போன வண்டில்

நேற்று வேலைத்தளத்தில் சாப்பாட்டுக் கொட்டிலின் கதவைத் திறந்தேன். ஈரம் குடித்த பிளைவுட்டும் காஸும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. அதற்குள் ஒரு துளி பெருங்காயமும் இருந்திருந்தால் எங்கள் கம்பிங்வொங் நேரே வந்து நின்றிருக்கும்.

கோடை விடுமுறைக்கு நோர்வேக்காரர் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தச் சக்கர வீட்டைத்தான் சொல்கிறேன். இன்றைக்கும் அம்மாவுக்கு அது வண்டில்தான்.

அதை வாங்க வைத்தது நோர்வேயின் வடகோடியில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊர். எண்பதுகளின் கடைசியில் அப்பா அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். அம்மா பல வருடங்கள் கழித்து நேரே ஒஸ்லோவுக்கு வந்தவர். அப்பா அந்தக் கடலைப் பற்றியும், ஜூனில் பெய்யும் பனியைப் பற்றியும், தொழிற்சாலைக்குப் பின்னால் தான் தனியே போய் இருக்கும் பாறையைப் பற்றியும் சொல்லாத நாள் இல்லை. அம்மா நம்பியும் நம்பாமலும் கேட்பார். சண்டை வந்தால் மட்டும் ஒரே பதில்: "நீங்கள் அங்கை எப்பிடி இருந்தனீங்கள் எண்டு எனக்கென்ன தெரியும்?" அந்தப் பாறையை அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஒரே ஆசை. ஆனால் அம்மா பிறத்தியாரின் கட்டிலில் படுக்கமாட்டார், கடைச் சாப்பாடும் இறங்காது. அப்படியானால் வீட்டையே கொண்டுபோக வேண்டியதுதான் என்று அப்பா முடிவெடுத்தார்.

விற்றவர்கள் நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டவீட்டில் இருந்த வயதான தம்பதியர். அப்பா கட்டிலில் படுத்துப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே மீன் பொரிக்கலாமா என்று தான் கேட்கக் கூச்சப்பட்டு என்னைக் கேட்கச் சொன்னார், கேட்டேன். அந்த அம்மையார் கணவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு எண்ணமே தங்களுக்கு வந்ததில்லை என்றார். எங்கள் அம்மா பார்த்தது இரண்டே இரண்டு: செருப்பை எங்கே கழற்றுவது, சாமிப்படத்தை எங்கே வைப்பது. கதவு முன்பக்கம் இருந்தது. அப்போ சாமி பின்பக்கம்.

ஓட்டுவது நான். அவ்வளவு பாரத்தை இழுப்பதற்கு வேறு லைசென்ஸ் வேண்டும். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் முன்னால். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்த முதல் ஆள் நான். அப்போது பல்கலைக்கழகத்தில் பாலங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனையும் முதல் தடவையிலேயே பாஸ். அப்பா லைசென்ஸைப் படம் எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் தொடர்வீட்டுக்கு முன்னால் அதைப் பின்னுக்கு விட்டு நிறுத்த என்னால் முடியவில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் அது மறுபக்கம் போகும். அப்பா இரண்டு கையாலும் இரண்டு திசையைக் காட்டினார். பல்கனிகளில் ஆட்கள் கோப்பியோடு வந்து நின்றார்கள். கடைசியில் கழற்றி, மூன்று பேரும் தள்ளித்தான் நிறுத்தினோம்.

புறப்படும் காலை அம்மா எல்லாச் சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தார். முன்னால் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு, நிற்கும்போது மட்டும் தாங்குவதற்கு. கொழுவியதும் அதை மேலே தூக்கிவிட வேண்டும். அந்தத் தேசிக்காய் மட்டும் நசியாமல் கிடந்தது. அம்மா அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார்.

மியோசா ஏரிப் பக்கம் ஒரு நீண்ட இறக்கத்தில் எங்களை ஒரு பேருந்து முந்தியது. வண்டில் மெல்ல வாலை ஆட்டியது. பிறகு பலமாக. இப்படி ஆடினால் பிரேக்கைப் போட்டு மிதிக்கக் கூடாது, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். மிதிக்கவில்லை. நேராகவே பிடித்தேன். படித்த எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். அது கேட்கவில்லை. கண்ணாடியில் எங்கள் வீடு இடதும் வலதுமாகத் தெரிந்தது. பிறகு பாதுகாப்புக் கம்பியில் மோதும் சத்தம் கேட்டது. நின்றுவிட்டோம்.

யாருக்கும் ஒன்றும் இல்லை. பின்சீட்டில் இருந்து அம்மா, "பிள்ளை, சாமிப்படம் விழுந்திருக்கும்" என்றார்.

வண்டிலுக்குள் ஏறிப் பின்சுவர் வரை போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அரிசி மூட்டை, பருப்பு, இடியப்பச் சட்டி, உரல், குத்துவிளக்கு, எல்லாம் கடைசிச் சுவரோடு, சாமிக்குப் பக்கத்தில். முன்பக்கம் மூன்று சோடிச் செருப்பு. பின்பாரம் கூடினால் முன்பக்கம் தூக்கும், தூக்கினால் ஆடும். அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அரிசியைக் கொண்டுபோய்ச் செருப்படியிலையோ வைக்கிறது?"

இன்றைக்கு ஒரு பாலத்துக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். அம்மாவின் அரிசியை எங்கே வைப்பது என்று மட்டும் இன்றைக்கும் தெரியாது.

அச்சு வளைந்துவிட்டது. அதை இனி ரோட்டில் இழுக்க முடியாது என்றார் மீட்பு லொறிக்காரர். அப்பா அவரோடு கதைத்தார். அப்பாவின் நோர்வேஜியமொழி மீன் தொழிற்சாலையில் படித்தது, சுத்த வடக்கத்திப் பேச்சு. லொறிக்காரர் சிரித்துவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டார். பாட்ஸ்பியோர்ட் என்றார் அப்பா. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா என்று அவர் கேட்க, அப்பா ஓம் என்று தலையை ஆட்டினார். பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லொறிக்காரர் வண்டிலைக் கொண்டுவந்து எங்கள் இடத்தில் ஒரே தடவையில் பின்னுக்கு விட்டு இறக்கினார். பல்கனிகள் மறுபடி நிறைந்திருந்தன.

வண்டில் அங்கேயே நின்றது. பிறகு ஒரு ஞாயிறு, அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். அடுத்த ஞாயிறும். நான் பலகாரம் கொண்டுபோனபோது அப்பா யன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "இப்ப டோவ்ர மலை ஏறுறம்" என்றார். வெளியே குப்பைத் தொட்டிதான் இருந்தது. அம்மா காலை மடக்கிக்கொண்டு, "மெல்லமாப் போங்கோ" என்றார். நின்ற இடத்திலேயே வடக்கே திரோண்ட்ஹெய்ம் போனார்கள், நார்விக் போனார்கள். ஆல்ட்டாவில் மழை என்று இரண்டு ஞாயிறு தங்கினார்கள்.

வண்டிலை எடுக்கச் சொல்லிக் குடியிருப்பு நிர்வாகம் அறிவித்தது. மின்கார்களுக்குச் சார்ஜர் போடப் போகிறார்களாம். எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் எல்லாம் மன்றாடிப் பார்த்தேன். மரியாதையாக மறுத்தார்கள். பழைய இரும்புக்கு அதை ஏற்றிக்கொண்டு போனபோது அப்பாவும் அம்மாவும் டானா ஆற்றுப் பாலத்துக்கு வந்திருந்தார்கள். பாட்ஸ்பியோர்டுக்கு இன்னும் ஒரு ஞாயிற்றுத் தூரம்.

விமானத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்டும் பார்த்துவிட்டேன். அப்பா நின்ற தொழிற்சாலையை இடித்துவிட்டார்களாம். யாரோ போனில் படம் அனுப்பினார்கள், வெறும் கொங்கிரீட் தரை. போய் என்ன செய்கிறது என்கிறார்.

போன ஞாயிறு வண்டில் நின்ற இடத்தில் என் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே போனேன். அம்மா தேத்தண்ணியோடு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"இஞ்சேருங்கோ, டானாவுக்குப் பிறகு என்ன வரும்?"

அப்பா தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "மலை" என்றார்.

அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா ரிமோட்டை எடுத்து அடுத்த சனலுக்குப் போனார்.