முதலில் என்னை இறக்கியவர்

அவர் பெயரை நான் கேட்கவில்லை. அவரைப் பற்றிப் பிறர் சொன்னவற்றைச் சரிபார்க்க வழியில்லாததால், நானே கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

தேனாம்பேட்டையிலிருந்து எங்களை வேனில் ஆந்திர எல்லை மலைக்கு அழைத்துச் சென்ற வழிகாட்டி அவர். ஒல்லியானவர், வெயிலில் கருத்த முகம். அங்கே ஓடை அறுத்த பிளவில், புதியவர்களும் கயிற்றில் இறங்கக்கூடிய மூன்று செங்குத்துப் பாறைகள் இருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னையே முதலில் அனுப்பினார். குழுவில் நானே பருமன்.

மூன்றாம் பாறையின் விளிம்புக்குக் கீழே தொங்கியபடிதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. கயிறு கட்டிய மரம் அங்கிருந்து தெரியவில்லை.

“கயிறு தாங்குதான்னு என்னை வச்சுப் பாக்கறீங்களா?”

“ஆமா சார்,” என்றார் கூசாமல். “வெயிட்டு பார்ட்டி போகசொல்ல ரெண்டாவது கட்டு ஒண்ணு போட்டுக்கீறேன். மொத கட்டு பிச்சிக்கினா அது புடிச்சிக்கும். கடைசில நான் எறங்கசொல்ல அத்த அவுத்துடுவேன்.”

“எதுக்கு அவுக்கணும்?”

“மேலயே உட்டுட்டு வந்தா, நீங்களா சார் ஏறிப் போய் எடுத்தாருவீங்க?”

கயிறு தாங்கியது. கடைசியாக அவரும் இறங்கி வந்தார். இடுப்பில் கயிற்றுத் துண்டுகள் பல தொங்கின. நான் இறங்கியபோது மேலே இரண்டாவது கட்டு இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.