போட்டோவுக்குக் கட்டின பச்சைப் பட்டை

"சிறுமி விதியை மீறி ஆழமான பகுதிக்குச் சென்றாள்"னு அந்த ரிப்போர்ட்டுல டைப் அடிச்சு வெச்சிருந்தாங்க. மீறினாளாம்! பத்து வயசுப் பொண்ணு, எழுந்து நின்னா என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல வருவா, அவ மீறினாளாம். இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது. நான் அந்தக் கோடை முகாமுல சமையல்காரி. அறுபது பேருக்கு மூணு வேளை ஆக்கிப் போடறது என் வேலை. மத்த விஷயத்துல மூக்கை நுழைக்காதேன்னு எனக்குப் பல தடவை சொல்லியிருக்காங்க. நுழைக்காம இருந்து என்ன கிழிச்சேன்?

சரி, இது என் கதை இல்ல. விசிலோட கதை. அவளுக்குப் பேரு வேற உண்டு. கழுத்துல எந்நேரமும் ஒரு விசில் தொங்கும்கிறதால பசங்க அவளை விசிலக்கான்னு கூப்பிடுவாங்க, எனக்கு விசில். வருஷம் முழுக்க ஆபீஸ் மாடிகளைத் துடைக்கிற வேலை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பக்கெட்டைப் போட்டுட்டு இங்க ஓடி வந்துடுவா. நகரத்துக்கு நடுவுல, லிஃப்ட் ஓடாத எட்டு மாடிக் கட்டடங்கள் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குமே, அங்கிருந்து நாப்பது பசங்களை ஒரு அறக்கட்டளை பஸ்ஸுல ஏத்தி ரெண்டு வாரத்துக்கு ஏரிக்கரைக்கு அனுப்பும். அதுங்களை எழுப்பி, குளிக்க வெச்சு, சண்டை விலக்கி, அம்மா ஞாபகம் வந்து அழறதுங்களை மடியில போட்டுக்கிட்டு, எல்லாம் விசில்தான். கூட ரெண்டு காலேஜ் பசங்க இருந்தாங்க. போன்லயே மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு இருப்பாங்க, அவங்களை விடுங்க.

அவளும் அதே கட்டடத்துப் பொண்ணுதான். பதினோரு வயசுல இதே பஸ்ஸுல ஏறி இதே ஏரிக்கு வந்தவ. வந்த அன்னிக்குக் கையில சிவப்புப் பட்டை கட்டினாங்க. முகாமுல அதான் வழக்கம். நீச்சல் தெரியாதவங்களுக்குச் சிவப்பு, முழங்கால் தண்ணி வரைக்கும் போகலாம். கொஞ்சம் தெரிஞ்சா மஞ்சள், கயிறு கட்டின எல்லை வரைக்கும். நல்லாத் தெரிஞ்சா பச்சை, கயித்தைத் தாண்டி நடு ஏரியில மிதக்கிற மரமேடை வரைக்கும். பிளாஸ்டிக் பட்டை, ஒரு தடவை பூட்டினா கத்தரிக்கோல் போட்டுத்தான் எடுக்கணும். அவளுக்குக் கத்துக்கொடுக்க ஒருத்தரும் மெனக்கெடல. ரெண்டு வாரமும் கரையில உக்காந்து மத்தவங்க குதிக்கிறதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருக்கா. "முழங்காலுக்கு மேல நனையாமத் திரும்பி வந்தேன்க்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. எனக்குச் சிரிப்பு வராது.

இருபத்தாறு வயசுல நகராட்சிக் குளத்துல, ஆறு வயசுக் குழந்தைங்க நடுவுல நின்னு நீச்சல் கத்துக்கிட்டா. அந்தக் குளத்தையும் அப்புறம் மூடிட்டாங்க, அது வேற வயித்தெரிச்சல். முகாமுல சேந்த முதல் நாளே ஒரு சட்டம் போட்டா: பச்சையை நான்தான் கட்டுவேன். மேடை வரைக்கும் ரெண்டு தடவை போய்த் திரும்பணும், அப்புறம் நூறு எண்ணுற வரைக்கும் ஆழத்துல காலை உதைச்சுக்கிட்டே மிதக்கணும். தொண்ணூத்தெட்டுல ஒருத்தன் மேடையைத் தொட்டுட்டான்னா நாளைக்கு வாடான்னு அனுப்பிடுவா. ஒன்பது வருஷத்துல அவ கையால பச்சை வாங்கினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதனாலதான் பசங்களுக்கு அது மேல அவ்வளவு ஆசை.

அந்த வருஷம் வந்தவ பட்டாணி. இருக்கிற உருவத்துக்கு அந்தப் பேரு. அவ அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிற பிரிவுல வேலை. பட்டாணிக்கு ஏழாவது நாளே மஞ்சள் கிடைக்கிற மாதிரி இருந்துச்சு, அவ்வளவு வேகம். காலை உதைக்கத் தெரியும், மூச்சு மட்டும் இன்னும் பிடிபடல. தினமும் சமையலறை ஜன்னலுக்கு வந்து, "நான் இன்னிக்கு எவ்வளவு தூரம் போனேன்னு கேளுங்க"ம்பா. நான் கேக்கற வரைக்கும் விடமாட்டா.

சனிக்கிழமை அறக்கட்டளைப் பெரிய மனுஷங்க முகாமைப் பாக்க வந்தாங்க, கூட ஒரு போட்டோக்காரர். முகாம் மேனேஜருக்குக் காலு தரையில நிக்கல. பசங்க எல்லாரும் தண்ணியில நின்னு கையைத் தூக்கி ஆட்டணும், ஒரு போட்டோ. கையைத் தூக்கினா முப்பத்தாறு கையில சிவப்பு!

"சிவப்பு நல்லா இல்லம்மா. என்னமோ ஆபத்து மாதிரி தெரியுது"ன்னார் மேனேஜர், விசில்கிட்ட. "எல்லாருக்கும் பச்சை கட்டிடு. ஒரு மணி நேரம்தானே?"

"சார், அது அலங்காரம் இல்ல"ன்னா விசில்.

"சொன்னதைச் செய்மா. அவங்க போனதும் வெட்டி எடுத்துடலாம்."

அங்கயே அவ அந்தப் பட்டைங்களை ஏரியில வீசியிருக்கணும். வீசல. முணுமுணுத்துக்கிட்டே, இருந்ததை வெட்டிட்டு நாப்பது கையிலயும் பச்சையைக் கட்டினா. வேலை போயிடுமோங்கிற பயம். எனக்குத் தெரியாதா அந்தப் பயம்? பத்து வருஷமா அதோடதானே நானும் குடித்தனம் நடத்தறேன்.

பெரிய மனுஷங்க லேசுல போகல. சாப்பிட்டாங்க, கை கழுவினாங்க, மறுபடி காபி கேட்டாங்க. நடுவுல விசில் சமையலறைக்கு வந்து, "அக்கா, கத்தரிக்கோல் குடுங்க, பட்டையை எல்லாம் வெட்டணும்"னா. நான் ஒரு கையால கறியை வெட்டிக்கிட்டு, ஒரு கண்ணால அடுப்பைப் பாத்துக்கிட்டு, "இருக்கிற ஒரே கத்தரிக்கோலையும் தூக்கிட்டுப் போயிடுவியா? நாளைக்கு வெட்டுடி, பசங்க எங்க ஓடிடப் போறாங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன். ஆமா, நான்தான் சொன்னேன். சாயங்காலம் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். சாயங்காலம் அவளை மேனேஜர் நாற்காலி அடுக்க வெச்சுட்டார்.

ஞாயித்துக்கிழமை காலை விசிலுக்கு ஓய்வு. ஏரிக்கரையில புதுசா ஒரு காவல்காரப் பையன் உக்காந்திருந்தான். அவன் மூஞ்சியப் பாக்கமாட்டான், மணிக்கட்டைத்தான் பாப்பான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதான். நான் ஜன்னல்ல நின்னு பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தலை போறது தெரிஞ்சுது. அப்புறம் தலை இல்ல. ஒரு கை மட்டும்.

நான் போட்ட சத்தத்துல என் தொண்டையே கிழிஞ்சுது. பின்பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டிருந்த விசில் போட்டிருந்த துணியோட ஓடி, அப்படியே தண்ணியில குதிச்சு, நீந்தி, பட்டாணியை முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. கரையில கவுத்துப் போட்டு முதுகைத் தட்டினதும் அது தண்ணியைக் கக்கிட்டு அழுதுச்சு. காவல்காரப் பையன் வெளிறிப்போய், "பச்சை இருந்துச்சே, பச்சை இருந்துச்சே"ன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னான்.

மறுநாளே ரிப்போர்ட் ரெடி. குழந்தை விதியை மீறிடுச்சு. இனி எந்த முகாமுக்கும் சேக்கக்கூடாது, பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நகல் போகும். போட்டோவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, பட்டையைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. சாட்சின்னு விசில் கையெழுத்துப் போடணும்.

பட்டாணியோட அம்மா வேலை முடிஞ்ச கையோட சீருடையிலயே பஸ் பிடிச்சு வந்திருந்தா. கையெல்லாம் சோப்புத் தண்ணியில ஊறி வெளுத்துக் கிடந்துச்சு. ஆபீஸ் ரூமுல நான் தண்ணி கொண்டுபோய் வைக்கிறேன், பட்டாணியைப் பக்கத்துல நிறுத்திக்கிட்டு அந்தப் பொம்பளை மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிடுறா.

"மன்னிச்சுக்கோங்க சார். வீட்டுலயும் சொன்ன பேச்சு கேக்கமாட்டா. நான் கண்டிச்சு வைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எழுதிடாதீங்க."

அந்தாளு பெருந்தன்மையாத் தலையாட்டறான்! சொம்பைத் தூக்கி மண்டையில போடலாமான்னு வந்துச்சு எனக்கு. போடல. வாயைத் திறந்தேனா? அதுவும் இல்ல.

கையெழுத்துப் போட வந்து நின்ன விசில் காகிதத்தைக் கையில எடுத்தா. டைப் அடிச்சதை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா அடிச்சா. கீழே எழுதிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிச்சா: "இந்தக் குழந்தைக்கு நீச்சல் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டோவுக்காகப் பச்சைப் பட்டை கட்டினது நான். கட்டச் சொன்னது மேனேஜர்." கையெழுத்துப் போட்டு மேஜை மேல வெச்சா.

"நாளையில இருந்து நீ வர வேண்டாம்"னார் மேனேஜர்.

"இதோட நகல் அறக்கட்டளைக்கும் போகும் சார்."

அந்தம்மா கும்பிட்ட கையைக் கீழே போடல. என்ன நடக்குதுன்னு அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் எழுந்து வந்து விசிலைக் கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டா. மேனேஜர் எழுந்தார். "உக்காருங்க சார்"னா விசில், கன்னத்தைத் தொடக்கூட இல்ல. ஒன்பது வருஷத்துல அவ அழுது நான் பாத்ததில்ல, அப்பவும் அழல.

அந்தம்மா திரும்பிப் பொண்ணோட தோளைப் பிடிச்சு உலுக்கினா. "உனக்கு எங்கடி போச்சு புத்தி? நீந்தத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? எதுக்குடி அவ்வளவு தூரம் போன?"

பட்டாணி அம்மாவைப் பாத்துச்சு, விசிலைப் பாத்துச்சு.

"தெரியும்னு நினைச்சேம்மா. விசிலக்கா பச்சையைச் சும்மா கட்டமாட்டாங்க."

அப்பதான் விசில் அழுதா.